பானெட் மாமா

பட்டறையில் எந்தக் காரின் பானெட்டைத் தூக்கினாலும் ஒரு மாமா வந்து நிற்பார். கார் அவருடையதல்ல. கார்க்காரருக்கு அவர் உறவும் அல்ல. டீ குடிக்க வந்தவர், அப்படியே நின்றுவிட்டார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பா மாதிரி எஞ்சினை மேலும் கீழும் பார்ப்பார். ஏதாவது குறை சொல்லாமல் நகர மாட்டார்.

மாமாவின் வாகன ஞானம் கார்புரேட்டரோடு நின்றுவிட்டது. "எங்க பத்மினி கார்ல இதெல்லாம் ஏது? பிடுங்கிப் போட்டுட்டு ஓட்டு." எந்த சென்சார் கெட்டாலும் அவர் எழுதித் தரும் மருந்துச் சீட்டு இதுதான். ஆக்சிஜன் சென்சாருக்கும் இதேதான். பத்மினியில் அது இருந்திருந்தாலும் பிழைத்திருக்காது. ஈயம் கலந்த பெட்ரோல் அதற்கு விஷம். நம் நாட்டில் அந்தப் பெட்ரோல் ஒழிந்ததே 2000-ல்தான். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து சொல்வது சென்சாரின் வேலை. அதைக் கேட்டுத்தான் எஞ்சின் கம்ப்யூட்டர், ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று என்று பிடித்து வைக்கிறது. சென்சார் செத்தால் கம்ப்யூட்டர் குத்துமதிப்பாகப் பெட்ரோலை ஊற்றும், மைலேஜ் படுத்துவிடும். மெக்கானிக் இதைச் சொல்லும்போது மாமா பொறுமையாகக் கேட்பார். கேட்டு முடித்து, "நல்ல பங்க்ல பெட்ரோல் போடுங்க சார், தானா சரியாயிடும்" என்று கார்க்காரரிடம் சொல்வார். கார்க்காரரும் நம்புவார். மெக்கானிக் காசு வாங்குகிறவர், மாமா இலவசம்.

மாமாவின் முழு வீச்சைப் பார்க்க வேண்டுமென்றால் சென்சார் இறுகிப்போயிருக்க வேண்டும். இறுகத்தான் செய்யும். புகைக் குழாயில் வருஷக்கணக்கில் காய்ந்தும் ஆறியும் மரையில் துரு ஏறி, இரும்போடு இரும்பாய் ஒட்டிக்கொண்டிருக்கும். மெக்கானிக் துருவை இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிடுவார். ஊறும்வரை காத்திருப்பது மாமாவுக்கு ஆகாது. "மண்ணெண்ணெய் ஊத்து. சுத்தியால ஒரு தட்டு தட்டு. பைப்பைச் சொருகி ஏறி மிதிடா."

எப்படியும் தூக்கிப் போடப்போகிற சென்சார்தான். அதனால் ஒயரைக் கத்தரித்துவிட்டு 22-ம் நம்பர் ரிங் ஸ்பானரை மாட்டுவார்கள். பையன் தம் கட்டி இழுப்பான். அசையாது. கேஸ் டார்ச்சைப் பற்றவைத்ததும் மாமாவைக் காணோம். டீக்கடை வாசலிலிருந்து குரல் மட்டும் வரும்: "பெட்ரோல் டியூப் பக்கத்துல போகுது, பார்த்துடா!" ஒத்துக்கொள்ள வேண்டும், அன்றைக்கு அவர் சொன்னதில் உருப்படியான யோசனை இது ஒன்றுதான்.

சென்சாரைச் சுற்றியுள்ள இரும்பு சிவந்து, டார்ச் அணைந்த பிறகு மாமா திரும்புவார். ஒரு கையில் வடை, வாயில் புதுக் கண்டுபிடிப்பு. "தம்பி, இது எதிர் மரைடா. இறுக்குற பக்கம் திருப்பு!"

எதிர் மரையாவது மண்ணாவது. ஆனால் துருப்பிடித்ததை ஒரேயடியாகக் கழற்றினால் மரை உரிந்துவிடும் என்பது மெக்கானிக்குக்குத் தெரியும். அதனால் மயிரிழை இறுக்கி, பிறகு தளர்த்தி, மறுபடி இறுக்கி, மறுபடி தளர்த்துவார். கிரீச்சென்று ஒரு சத்தம். அசைந்துவிட்டது. முதல் அசைவு இறுக்குகிற பக்கமாக இருந்து தொலைத்ததே, போதாதா? "சொன்னேன்ல!" என்று மாமா தெருவுக்கே அறிவிப்பார். அன்றிலிருந்து உலகத்திலுள்ள ஆக்சிஜன் சென்சார் எல்லாம் எதிர் மரை. அடுத்த பட்டறையில் இதை ஆதாரத்தோடு சொல்வார்.

மெக்கானிக் 18 எம்.எம். டேப் விட்டு மரையைச் சுத்தம் செய்வார். புது சென்சாரின் மரையில் மட்டும் பொட்டு அளவுக்கு நிக்கல் பேஸ்ட் தடவுவார். நுனியில் பட்டால் சென்சார் காலி. "கஞ்சத்தனம் பண்ணாதடா, நல்லா முக்கி எடு" என்பார் மாமா.

பில் வந்ததும் மாமா இன்னும் ஓரடி முன்னால் வருவார். "கூலி இவ்வளவா? நான் பார்த்துட்டேதானே இருந்தேன்? ரெண்டு சுத்து சுத்தினான், வந்துடுச்சு." வாதாடி நூறு ரூபாய் குறைத்தும் விடுவார். மிச்சமான காசில் கார்க்காரர் அவருக்கு டீ வாங்கித் தருவார். மெக்கானிக்குக்கும் ஒன்று சொல்லச் சொல்வது மாமாதான். "பாவம், காலையிலேர்ந்து அந்த ஒரு திருகோட மல்லுக்கட்டுறான்."