கொல்லைக்குள மீமாம்சை

கொல்லைப்புறத்தில் மீன்குளம் அமைப்பது பற்றிக் குடும்பங்களில் நிகழும் வாதங்களை இரண்டு மதங்களாகப் பகுக்கலாம். பரப்புவாதிகள், குளத்தைச் சன்னலிலிருந்து பார்க்க விரும்புபவர்கள். ஆழவாதிகள், மண்வெட்டி தங்கள் கைக்கு வராது என்பதை உறுதியாக அறிந்தவர்கள்.

பரப்புவாதியின் பிரமாணம் எளியது. ஆக்சிஜன் நீரில் கலப்பது மேற்பரப்பின் வழியே. ஆகவே கிணறு வெட்டி மீன் விடுவது பாவம். ஆழவாதி சித்திரை வெயிலைச் சாட்சிக்கு அழைக்கிறார். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனை ஏற்கும். 30 டிகிரியில் ஏழரையோடு கைவிரித்துவிடும். ஓரடி ஆழக் குளம் நண்பகலில் எந்த டிகிரியில் இருக்கும் என்பதைக் காலை வைத்தே அறியலாம்.

இருவரும் கணக்கில் எடுக்காத மூன்றாம் தரப்பு கொக்கு. சரிவான கரையை அது தனக்குக் கட்டிய படித்துறையாகவே கொள்ளும். செங்குத்துக் கரையும் மூன்றடி ஆழமும்தான் அதற்கான மறுப்புரை. மேலிருந்து பாயும் மீன்கொத்தியிடம் இந்தத் தர்க்கம் எடுபடாது. வலைதான் கட்ட வேண்டும். பூனை தனி ஆய்வுக்குரியது.

ஆகவே சித்தாந்தம்: 10 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழம். 180 கன அடி, அதாவது சுமார் 5,100 லிட்டர். எடை ஐந்து டன்னுக்கு மேல் என்பதால் மொட்டைமாடிவாதிகள் இங்கேயே விடைபெறலாம். கோய் கெண்டை இரண்டடி வரை வளரும். பாலித்தீன் பையில் விரல் நீளத்தில் நீந்தும்போது அது இதை முகத்தில் காட்டிக்கொள்வதில்லை. எனவே மீனின் எண்ணிக்கையை அதன் எதிர்காலத்தை வைத்தே தீர்மானிக்க வேண்டும். மேலும், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் குடியேறச் சில வாரங்களாகும். கிரகப்பிரவேசத்தன்றே மொத்தச் சுற்றத்தையும் குடிவைக்கலாகாது.

மூலைகளில் அழுக்கு தேங்கும் என்பதால் ஓரங்களை வளைத்துக் கட்டுவது உத்தமம். புதுச் சிமென்ட் நீரைக் காரமாக்கும். வாழைத்தண்டு வெட்டிப் போட்டு ஊறவைத்து, பலமுறை நீர் மாற்றுவது நம் பக்கத்து வழக்கம். ஐப்பசி மழைக்கு வலையிட்ட வழிகுழாய் அவசியம். இல்லாவிட்டால் குளத்தில் விட்ட கப்பி மீன்கள் தெருச் சாக்கடைக்குப் போய்க் கொசுப்புழு தின்னும் பொதுச்சேவையில் இறங்கிவிடும்.

வெட்டுமுன் நாலு முளை அடித்துக் கயிறு கட்டிப் பாருங்கள். துணி காயப்போட இடம் மிஞ்சினால் ஆளைக் கூப்பிடலாம்.