கேரட் துண்டின் பயணம்: ஆர்.கே.பேட்டை லுங்கியை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆறு மாதம் முடிந்த குழந்தையின் கையில் வெந்த கேரட் துண்டைக் கொடுத்தால் அது எங்கே போய்ச் சேரும்? வாய்க்கு என்று பதில் சொல்பவர் குழந்தை வளர்த்தவர் அல்லர். இதை முறைப்படி ஆராய ஆர்.கே.பேட்டையை விட்டால் வேறு ஊர் இல்லை. விசைத்தறி ஓடும் ஊர். கட்டம் போட்ட லுங்கிக்குப் பஞ்சமில்லை. ஒன்றைத் தரையில் விரித்து நடுவில் குழந்தையை உட்கார வைத்தால் வரைபடத்தாள் தயார். துண்டு விழுந்த கட்டத்தை எண்ணிக் குறித்துக்கொள்ளலாம். மொசைக் தரையை நம்பிய மற்ற ஊர்க்காரர்களின் முடிவுகளெல்லாம் உத்தேசக் கணக்கு.

இத்துறையின் முதல் களக்குறிப்பு புறநானூற்றின் 188-ஆம் பாட்டு. நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் அப்பிக்கொள்ளும் பிள்ளையைப் பாண்டியன் அறிவுடை நம்பி அதில் பதிவுசெய்திருக்கிறான். 64-ஆம் குறள் இன்னும் ஒரு படி மேலே போய், பிள்ளை கைவிட்டு அளைந்த கூழ் அமிழ்தத்தைவிட இனிது என்கிறது. 1928-இல் அமெரிக்க மருத்துவர் கிளாரா டேவிஸ், பால் மறக்கும் வயதுக் குழந்தைகள் முன்னால் பலவகை உணவுகளை வைத்து, எது வேண்டுமென்று அவர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுப் பார்த்ததை வெளியிட்டார். 2008-இல் பிரிட்டனின் கில் ராப்லி, குழந்தை தானாக எடுத்துத் தின்பதையே ஒரு முறையாக்கிப் புத்தகம் போட்டார். இவ்வளவு பேரும் சேர்ந்து கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு: அப்புறம் துடைத்தது யார்? அறிவுடை நம்பி அரசன். அவன் கேட்டிருக்க வேண்டியதில்லை.

செய்முறைக்கு வருவோம். கேரட்டைத் தோல் சீவி, நம் விரல் நீளத்துக்கு நறுக்கி, இட்லிப் பானையில் ஆவியில் வேகவிட வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அமுக்கினால் மசிய வேண்டும். மசியாவிட்டால் மறுபடி பானைக்குள். நீளம் ஏன்? ஆறு மாதக் குழந்தை முழு உள்ளங்கையால்தான் பிடிக்கும். முஷ்டிக்குள் மாட்டியது அதற்கு எட்டாது. வெளியே நீட்டிக்கொண்டிருப்பதுதான் சாப்பாடு. ஒன்பது மாத வாக்கில் இரு விரலால் கிள்ளி எடுக்கத் தொடங்கும்போது சின்னத் துண்டுகளுக்கு மாறலாம். உப்பும் சர்க்கரையும் ஒரு வயதுவரை வேண்டாம், தேன் கூடவே கூடாது. பச்சைக் கேரட், முழு திராட்சை, வேர்க்கடலை மூன்றும் தொண்டையில் சிக்குபவை. ஆய்வுக்கூடத்துக்குள் அவற்றுக்கு அனுமதியில்லை.

இந்த இடத்தில் ஆயா குறுக்கிட்டார். "என்னாம்மா, பல்லே மொளைக்கல, அதுக்குள்ள துண்டைக் குடுக்கற? பருப்பு சாதத்தைக் கொழைய பெசைஞ்சு ஊட்டு." ஈறுக்கே அந்த வலு உண்டு என்று சொன்னோம், ஏற்கவில்லை. குழந்தை ஒருமுறை குமட்டி இருமியதும் வழக்கு அவர் பக்கம் சாய்ந்தது. உண்மையில் குமட்டல் சத்தத்தோடு வரும், துண்டை முன்னுக்குத் தள்ளும். பயப்பட வேண்டியது சத்தமில்லாத மூச்சடைப்புக்கு. அதனால்தான் குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருப்பது. உலக சுகாதார நிறுவனமும் பாதி ஆயா கட்சிதான்: ஆறு மாதத்தில் மசியல், எட்டு மாத வாக்கில் கையில் எடுத்துத் தின்பது என்கிறது. ஆர்.கே.பேட்டை இருக்கும் திருத்தணி வட்டாரத்தின் எல்லைத் தகராறுகூட 1960 ஏப்ரல் 1-இல் தீர்ந்துபோனது. மசியலுக்கும் துண்டுக்கும் நடுவிலான எல்லையை இந்த வீட்டில் யாரும் இன்னும் அளந்து கல் நடவில்லை.

முடிவுகளைச் சொல்வதில் ஒரு சங்கடம். கட்டங்களை எண்ணி முடிப்பதற்குள் குழந்தையின் அப்பா அதே லுங்கியை உதறிக் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். தரவு முழுவதும் வாசலில் உதிர்ந்தது, காக்கைகள் சரிபார்த்தன.

பீட்ரூட் சோதனை தனிக் கதை. மறுநாள் காலை குழந்தையின் துணி சிவந்திருந்தது கண்டு வீடே கலங்கி, ஆட்டோ கூப்பிடும் அளவுக்குப் போனது. பீட்ரூட்டின் சாயம் சிலருக்குச் செரிமானத்தில் சிதையாமல் அப்படியே இறங்கிவிடும், அவ்வளவுதான். "நேத்து என்ன குடுத்தே?" என்ற ஆயாவின் ஒரே கேள்வியில் நோய் கண்டறியப்பட்டது.

அடுத்து பரங்கிக்காய். சுரைக்காயும் பட்டியலில் இருந்தது. ஆயா அதைக் கூட்டுக்கு எடுத்துக்கொண்டார்.