'போதும்' என்னும் சொல்: அம்பாசமுத்திரப் பந்தியை முன்வைத்து ஒரு சொற்பொருள் ஆய்வு

1. ஆய்வுத் தேவை

'போதும்' என்றால் 'வேண்டிய அளவு ஆயிற்று' என்கின்றன அகராதிகள். அவற்றைத் தொகுத்தவர்கள் அம்பாசமுத்திரத்தில் மறுவீட்டு விருந்துக்கு உட்கார்ந்ததில்லை என்பதற்கு இதுவே சான்று.

அம்பை என்று சுருக்கி அழைக்கப்படும் அம்பாசமுத்திரம், நெல்லுக்கென்றே ஆராய்ச்சி நிலையம் உள்ள ஊர். 1937 முதல் இயங்கும் அந்நிலையம் தந்த அம்பை 16 நெல் பல மாவட்டங்களில் விளைகிறது. ஆற்றுக்கு அக்கரையில் அப்பளத்துக்குப் பேர்போன கல்லிடைக்குறிச்சி. ஆனால் நெல் சோறாகி, அப்பளத்துக்குப் பக்கத்தில் விழுந்தபின் நடப்பதை எவரும் ஆராயவில்லை. அக்குறையைப் போக்க, மாப்பிள்ளையின் தம்பி என்ற ஒரே தகுதியோடு ஆய்வாளன் பந்தியில் அமர்ந்தான்.

2. களம்

திருநெல்வேலிச் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் பெண்வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதிச் சாப்பாடு போடுவது வழக்கம். சொதிக்குக் காய்கள் தேங்காயின் பின்பாலில் வேகும்; பாசிப்பருப்பு சேரும்; கெட்டியான முதற்பால் கடைசியில்தான் இறங்கும், அதன்பின் கொதிக்க விடக்கூடாது. தேங்காய்ப்பால் செரிக்கவேண்டி, கூடவே இஞ்சித் துவையல். அதாவது, நாம் சொல்லப்போகும் 'போதும்' செல்லாது என்பதை முன்கூட்டியே தீர்மானித்து, அதற்கான மருந்தையும் இலையிலேயே வைத்துவிடுகிறார்கள்.

3. வகைப்பாடு

முதல் வகை: கரண்டி வாளிக்குள் இருக்கும்போதே சொல்லும் 'போதும்'. பொருள்: ஆரம்பிக்கலாம்.

இரண்டாம் வகை: இலைக்குமேல் கையை நீட்டிச் சொல்வது. கையைவிட விரல்களைக் கவனிக்கவேண்டும். அவை விரிந்திருந்தால், சொதி இறங்க வழி விட்டிருக்கிறது என்று பொருள்.

மூன்றாம் வகை: உறவுமுறை சேர்ந்தது. "அய்யோ, போதும் அத்தை!" உடனே பதில் வரும்: "என்னத்தச் சாப்பிட்டிய தம்பி? கொறிச்சிட்டு எந்திரிச்சா ஆச்சா?" வாக்கியம் முடியுமுன் இரண்டு கரண்டி விழுந்திருக்கும்.

நான்காம் வகைக்கு ஒலி கிடையாது. இலையின் மேற்பாதியைத் தன்பக்கமாக மடிப்பது. மேல்முறையீடற்ற தீர்ப்பு இது ஒன்றே. பதற்றத்தில் எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டால் அது துக்கவீட்டு வழக்கம். அப்புறம் பேச்சு சாப்பாட்டைப் பற்றி இருக்காது.

4. எதிர்ச்சொல்

விருந்தாளியின் 'போதும்' பொய் என்றால், வீட்டாரின் 'நெறைய இருக்கு, கூச்சப்படாமச் சாப்பிடுங்க' என்பதும் பொய்யே. அடுக்களைப் பக்கம் காதை வைத்தால் விளங்கும். கரண்டி அண்டாவின் அடியைச் சுரண்டும் ஓசை எழும்போதுதான் 'நெறைய இருக்கு' உரக்க ஒலிக்கிறது.

வள்ளுவர் விருந்தோம்பலை 9ஆம் அதிகாரத்திலும் வாய்மையை 30ஆம் அதிகாரத்திலும் வைத்தார். இரண்டும் அடுத்தடுத்து நின்றால் பந்தி நடக்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

அந்தச் சுரண்டல் ஓசை காதில் விழுந்ததும் ஐந்தாம் வகை பிறக்கிறது. இன்னும் ஒரு கரண்டிக்கு இடமிருக்க, "வயிறு நிறைஞ்சிட்டு, போதும்" என்று விருந்தாளி இலையை மடிக்கிறார். அவர் மடித்தது எதைக் கேட்டு என்று பரிமாறியவருக்குத் தெரியும், தெரியாததுபோல் "இவ்வளவுதானா!" என்று கோபித்துக்கொள்கிறார்.

5. முடிவு

கடைசிப் பந்தி முடிந்தபின் கை கழுவித் திரும்பிய ஆய்வாளன், அடுக்களை வாசலில் அத்தை உட்கார்ந்திருப்பதைக் கண்டான். காலையிலிருந்து பரிமாறிய கை. தட்டில் சோறும் இஞ்சித் துவையலும் மட்டுமே இருந்தன.

"சொதி இல்லியா அத்தை?"

"எனக்கு மோரு போதும்யா."

மேற்கண்ட ஐந்தில் எதிலும் இது அடங்கவில்லை. ஆய்வு தொடர்கிறது.