மௌனம் பேசும் ஸ்பீக்கர்

கேள்வி: வீட்டில் 5.1 ஹோம் தியேட்டர் இருக்கிறது. படத்தின் முக்கியமான கட்டத்தில் ஓரிரு நொடி சத்தம் போய்த் திரும்புகிறது. ரிசீவரையே மாற்றிவிடலாமா?

– வாசகர், திருச்சி

பதில்: தலைவலிக்குத் தலையை மாற்ற வேண்டாம்! முதலில் நாடி பாருங்கள். மௌனமாவது ஒரு ஸ்பீக்கரா, எல்லாமா?

ஒன்றுதான் என்றால், செட்டை அணைத்துவிட்டு, ரிசீவரின் பின்பக்கம் அதன் வயரையும் ஜோடி ஸ்பீக்கரின் வயரையும் இடம் மாற்றிச் செருகுங்கள். பழைய ஸ்பீக்கரே மறுபடி மௌனமானால் கோளாறு வயரிலோ ஸ்பீக்கரிலோதான். மௌனம் ஜோடிக்குத் தாவினால் மட்டுமே ரிசீவரைச் சந்தேகியுங்கள். வயர் நுனியையும் உற்றுப் பாருங்கள். தலைமுடி போல ஒரு செம்பு இழை பிரிந்து பக்கத்து முனையைத் தொட்டால் போதும், ரிசீவர் தற்காப்புக்காகத் தானே அணைந்துவிடும்.

எல்லாம் சேர்ந்து மௌனமானால் எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றி, டிவியில் 'ஏஆர்சி' என்று எழுதியிருக்கும் துளையில் இறுக்கமாகச் செருகுங்கள். வேறு கேபிளும் போட்டுப் பாருங்கள். பிறகு டிவியின் ஒலி அமைப்பை 'பிசிஎம்'முக்கு மாற்றுங்கள். தடங்கல் நின்றால், டால்பி ஒலியைக் கைமாற்றும் இடத்தில்தான் சிக்கல். டிவி, ரிசீவர் இரண்டின் மென்பொருளையும் புதுப்பியுங்கள். பிசிஎம் பெரும்பாலும் இரண்டு சேனல்தான் தரும். அது சோதனைக்கு மட்டும்.

வயர்லெஸ் சப்வூஃபர் மட்டும் விக்குகிறதா? பல சப்வூஃபர்கள் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் கூட்டுக்குடித்தனம் நடத்துகின்றன. ரௌட்டரைத் தள்ளி வையுங்கள். தனிக்குடித்தனத்தில் சண்டை குறையும்!