நம்பர் தராத அண்ணாச்சி

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வண்ணார்பேட்டை ஜவுளிக்கடையில் பில் போடும் வரிசை நகராமல் நிற்கிறதா? எட்டிப் பார்க்கவே வேண்டாம். முன்னால் நிற்பது லினக்ஸ் அண்ணாச்சி.

"போன் நம்பர் சொல்லுங்க அண்ணாச்சி."

"எதுக்குத் தாயி?"

"பில்லு போடதுக்கு."

"பில்லு போட சட்டை விலை தெரிஞ்சாப் போதும்லா? என் நம்பர் எதுக்கு?"

பில் போடும் பெண்ணுக்கு அவர் பின்னால் நிற்கிற கூட்டம் தெரிகிறது. அண்ணாச்சிக்குத் தெரியாது. 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து, அந்தரங்கம் ஒவ்வொரு குடிமகனின் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்ன கதையை அவளிடம் ஆரம்பிப்பார். வழக்குப் போட்டவர் புட்டசாமி, ஓய்வு பெற்ற நீதிபதி என்பது வரை சொல்வார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "புட்டசாமி நம்பர்னாலும் பரவால்ல அண்ணாச்சி, சொல்லுங்க. நம்பர் போடாம கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கே போகாது" என்பாள்.

இந்த வரிக்காகத்தான் அவர் காத்திருந்தார். "போகாதா? சோர்ஸ் கோடு மட்டும் கையில இருந்தா இங்கன நின்னே திருத்திக் குடுத்திருவேன். பூட்டி வெச்ச சாப்ட்வேரை வாங்கினா இப்படித்தான். மொதலாளிகிட்ட சொல்லு."

வரிசையில் பொறுமை இழந்த ஒருவர் கத்துவார்: "வே, உம்ம நம்பரை வெச்சு அவன் என்னவே பண்ணப் போறான்?"

கேட்கவே கூடாத கேள்வி. அண்ணாச்சி கவுண்டருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வரிசைக்கே வகுப்பெடுக்கத் தொடங்குவார். பேர் மாறலாம், விலாசம் மாறலாம், நம்பரை யாரும் மாற்றுவதில்லை. மெடிக்கலில் கொடுத்ததும் அதே நம்பர், ஆஸ்பத்திரியில் கொடுத்ததும் அதே நம்பர், நகைச்சீட்டுக்குக் கொடுத்ததும் அதேதான். நாலு இடத்துக் கணக்கை எவனாவது ஒருத்தன் காசு கொடுத்து வாங்கிச் சேர்த்து வைத்தால், உமக்குச் சர்க்கரை இருக்கு, மகளுக்குக் கல்யாணம் வருது, கையில இவ்வளவு இருக்குன்னு உமக்கு முன்னாடி அவனுக்குத் தெரிஞ்சிரும். சொல்வது அத்தனையும் உண்மை. அதுதான் எரிச்சல். மூத்திரம் முட்டி நிற்கிற பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும் தாய்க்கு அந்த நேரத்தில் அந்த உண்மையால் ஒரு பிரயோசனமும் கிடையாது.

பிறகு பர்ஸிலிருந்து ஒரு காகிதம் வெளியே வரும். லேமினேட் செய்தது. 2023 மே மாதம் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை, வாடிக்கையாளரிடம் கைபேசி எண் கேட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சில்லறை விற்பனையாளர்களுக்குச் சொன்ன செய்தி. வாக்காளர் அட்டையைக்கூட அவர் லேமினேட் செய்ததில்லை. இதைச் செய்திருக்கிறார்.

முடிவு எப்போதும் ஒன்றுதான். வரிசையில் அவருக்கு அடுத்து நிற்கும் அப்பாவி ஒருவன் தன் நம்பரைச் சொல்லித் தொலைப்பான். பல வருஷமாக அந்த அப்பாவி நான். திருநெல்வேலி டவுனிலிருந்து பாளையங்கோட்டை வரை எல்லாக் கடைக் கணக்கிலும் அண்ணாச்சி வாங்கியதெல்லாம் நான் வாங்கியதாகவே இருக்கிறது. நாற்பத்துநாலு சைஸ் சட்டை போடுகிறவன், ரீடிங் கிளாஸ் மாற்றுகிறவன், மூட்டு வலித் தைலம் தேய்க்கிறவன் என்று கம்ப்யூட்டர்கள் என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டன. ஆடித் தள்ளுபடிக் குறுஞ்செய்தி, கண் பரிசோதனை முகாம், முழங்கால் அறுவை சிகிச்சைக்குக் கடன் எல்லாம் எனக்கே. போன மாதம் அண்ணாச்சி மெல்லப் பக்கத்தில் வந்து, "ஏலே, ஒன் நம்பர்ல என் பாயிண்ட்டு எம்புட்டுச் சேந்திருக்கு? ஒரு வேட்டி எடுக்கலாமா?" என்றார்.

மற்றக் கதைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாட்ஸ்அப் தன் நிபந்தனைகளை மாற்றப்போவதாக அறிவித்த 2021 ஜனவரியில் அவருக்கு ஒரு பொற்காலம் வந்தது. பயந்துபோன சொந்தபந்தம் மொத்தமும் அவர் சொல்படி சிக்னல் செயலிக்கு ஏறியது. பொங்கல் கழிந்ததும் இறங்கிவிட்டது. வாட்ஸ்அப்பும் 2016-லிருந்து சிக்னல்காரர்களின் பூட்டைத்தானே போடுகிறது என்று படித்த பையன் எவனாவது கேட்டால், "பூட்டு அவன்கிட்ட வாங்கினதுதான். ஆனா நீ யார்கிட்ட, எப்போ, எத்தனை தடவை பேசுதன்னு வாசத்திண்ணையில உக்காந்து ஒருத்தன் எழுதிக்கிட்டு இருக்காம்லா" என்பார். 2025-ல் ஊரே அரட்டைச் செயலியை இறக்கியபோது, நம்ம தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் கம்பெனி வைத்திருக்கும் ஸோஹோவின் சரக்காயிற்றே, மகிழ்வார் என்று போய்ச் சொன்னவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். "மத்தளம்பாறைன்னா சோர்ஸ் கோடு காட்ட வேண்டாமா?"

ஆனால் அவரைக் கோட்டிக்காரர் என்று தள்ளிவிடவும் மனசு வராது. 2011-லிருந்து அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பிள்ளைகள் முதல் வேலையாக அதைத்தான் அழித்தார்கள். இன்று பரணில் கிடக்கும் அதே மடிக்கணினிகளைத் தூசி தட்டி, செத்த பேட்டரியைக் கழற்றி, கனம் குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டு ஓடவிடுகிறவர் அண்ணாச்சிதான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியதும், புதுக் கம்ப்யூட்டர் வாங்க வக்கில்லாத டைப்பிங் சென்டர்க்காரர்கள் இவர் வீட்டு வாசலில்தான் நின்றார்கள். அஞ்சு பைசா வாங்கவில்லை. தமிழ்99 விசைப்பலகை பழகிக்கொள்ள வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. சாயங்காலம் நடக்கப் போனால், குறுக்குத்துறை, சிந்துபூந்துறை என்று தாமிரபரணிப் படித்துறை ஒவ்வொன்றையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் குறித்துவிட்டு வருவார். எந்தப் படி இடிந்திருக்கிறது, எந்தப் பக்கம் ஆழம் என்பதுவரை எழுதி வைப்பார். சம்பளம் கிடையாது, பேரும் கிடையாது. ஆற்றைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் யாரையும் திட்டுவதில்லை.

சரி, இப்போது கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். கூகுள் இல்லாத ஆண்ட்ராய்டு வைத்திருக்கிறார், பேங்க் ஆப் அதில் ஓடமாட்டேன் என்கிறது, சந்தோஷம். டீக்கடையில் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி, சில்லறை இல்லை என்றதும் பக்கத்தில் இருப்பவனைப் பார்க்கிறார். அவன் ஸ்கேன் செய்கிறான். கோயில் கொடைக்குக் கூட்டம் போட்டால் குரூப்பில் அவர் இல்லை. ஒருத்தன் மெனக்கெட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டு வருகிறான். ரயிலுக்குத் தட்கல் போட வேறொருத்தன். அண்ணாச்சி எங்கேயும் தடம் பதிக்காமல் நடக்கிறார் என்றால், எங்கள் முதுகில் ஏறிப் போகிறார் என்பதுதான் அதற்குக் காரணம். சுதந்திர மென்பொருள் நல்லதுதான். அதற்கான கூலியாள் வேலையை ஊர்க்காரன் சும்மா செய்ய வேண்டும் என்று எந்த உரிமத்தில் எழுதியிருக்கிறது?

எங்களை விடுங்கள், அண்ணாச்சி வீட்டு மதினியின் போனைப் பார்க்க வேண்டும். ஆதார், கேஸ் புக்கிங், கரண்டு பில், பேங்க், பிள்ளைகளின் பள்ளிக்கூடக் குரூப், சொந்தக்காரர் குரூப், அண்ணாச்சி சிக்னலில் மட்டும் பேசுகிறவர் என்பதால் அவருக்காக ஒரு சிக்னல், எல்லாம் அந்த ஒரே போனில். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் "குரூப்புல என்ன போட்டிருக்காவ?" என்று அண்ணாச்சி கேட்பார். மதினி ஒவ்வொன்றாக வாசிப்பார். ஒரு நாள் அவரிடமே கேட்டேன், சங்கடமாக இல்லையா என்று.

"அவுக பேரே கூகுளுக்குத் தெரியாதாம் தம்பி. அவுக மாத்திரை மட்டும் என் போன்லதான் ஆர்டர் போடணும். இப்போ எதைத் திறந்தாலும் பிரஷர் பாக்குற மிஷின் விளம்பரமா வருது. எனக்குப் பிரஷரே கிடையாது" என்றார். அதற்குள் உள்ளே இருந்து அண்ணாச்சி, "ஏட்டி, அந்த ஓடிபி வந்துட்டா பாரு" என்று சத்தம் கொடுத்தார். மதினி ஓடிபியைப் படித்துச் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "அடுத்த விளம்பரம் இப்போ வந்திருக்கும்" என்றார்.