ரப்பர் வைத்தியம்

அம்பத்தூர், ஆவடிப் பக்கம் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் வைத்தியருக்குப் பஞ்சமில்லை. விஷயம் வெளியே தெரிந்தால் போதும், வீடு தேடி வந்து மருந்து சொல்வார்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகம் பாகமாக வாங்கி, நானே மாட்டிய சிஸ்டம் என்னுடையது. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று நீலத் திரை காட்டி நிற்க ஆரம்பித்தது. காலையில் 'மெமரி மேனேஜ்மென்ட்' என்னும், மத்தியானம் 'பேஜ் ஃபால்ட்' என்னும். டவுன்லோடு செய்த ஜிப் ஃபைலைத் திறந்தால் கெட்டுப்போய்விட்டது என்னும்.

முதலில் வந்தவர் எதிர்வீட்டு மாமா. ஆவடி டேங்க் ஃபேக்டரியில் ரிட்டயர் ஆனவர். "அஜேயா டேங்க்கையே ஓட வெச்சவங்கப்பா நாங்க. கரன்ட்டு சரியா வரலைன்னா எதுவும் ஓடாது. எஸ்எம்பிஎஸ்ஸை மாத்து" என்றார்.

அடுத்து சர்வீஸ் கடைத் தம்பி, போனிலேயே. "ஃபார்மேட் அடிச்சிடலாம் சார்."

"கேபினெட்டைத் திறந்துகூடப் பாக்கலையேப்பா?"

"எதுக்கு சார்? வைரஸ்தான்."

விண்டோஸைப் புதிதாக ஏற்றினாலும் அந்த ஃபைல்கள் ரேம் வழியாகத்தான் டிஸ்க்குக்குப் போயாக வேண்டும். ரேமே பழுதென்றால் பழுதும் சேர்ந்து ஏறும். இதைச் சொன்னேன். "அப்ப ரெண்டு வாட்டி ஃபார்மேட் அடிக்கலாம் சார்" என்றான்.

மூன்றாவது, என் மச்சான். "ரேமைக் கழட்டி ரப்பர் போட்டுத் தேய்ங்க மாமா."

இதில் விஷயம் உண்டு. அம்பத்தூர் எஸ்டேட் தூசியும் நம்ம ஊர் ஈரக்காற்றும் சேர்ந்து ரேமின் தங்கப் பின்களில் படலமாகப் படியும். பெண்ணின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்ட்ராபெர்ரி வாசனை ரப்பரை எடுத்துத் தேய்த்தேன். ரப்பரில் கறுப்பாகக் கோடு விழுந்தது. எழுதியதை அழிக்கிற சாமானால் ஞாபகசக்திக்கு வைத்தியம்! அழுத்தித் தேய்த்தால் தங்கப் பூச்சும் போய்விடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியே உத்தமம். திரும்ப மாட்டியதும் சிஸ்டம் ஓடியது. "நான் வயரை ஆட்டிவிட்டேன்ல!" என்றார் மாமா. மறுபடி படுத்தபோது யாரும் உரிமை கோரவில்லை.

கடைசியில் மெம்டெஸ்ட் 86-ஐ பென் டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். 1994-லிருந்து இருக்கும் புரோகிராம். ரேமின் ஒவ்வொரு அறையிலும் ஒன்றை எழுதி, திரும்பப் படித்து, எழுதியதுதான் இருக்கிறதா என்று பார்க்கும். ரேம் பிறவியிலேயே மறதிக்காரன். அதன் அறைகளில் மின்சாரம் கசிந்துகொண்டே இருப்பதால் பொதுவாக 64 மில்லி செகண்டுக்குள் எல்லாவற்றையும் மறுபடி எழுதியாக வேண்டும். இதைக் கேட்ட மாமா, "நான் இங்க எதுக்கு வந்தேன்னே மறந்துபோச்சு" என்றார்.

ஒரே ஒரு பிட் புரண்டால் என்ன ஆகும்? 2003-ல் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக்கில் மின்னணு வாக்குப்பதிவின்போது ஒரு வேட்பாளருக்கு 4096 ஓட்டு கூடுதலாக விழுந்தது. 4096 என்பது 2-இன் 12-ஆம் அடுக்கு; அதனால் ஒரு பிட் புரண்டிருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். விண்வெளிக் கதிர் மேல் சந்தேகம். "நம்ம ஊர்ல அதுக்கு வேற பேரு" என்றார் மாமா.

காலையில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். இரண்டு ரேமையும் கழற்றி, ஒரே ஸ்லாட்டில் ஒவ்வொன்றாக மாட்டிச் சோதித்தேன். ஒன்று சுத்தம், மற்றது குற்றவாளி.

ஆகவே வாசகர்களே, சிஸ்டம் காரணத்தை மாற்றி மாற்றிச் சொன்னால் ரேமைச் சந்தேகியுங்கள். எக்ஸ்எம்பி போட்டு வேகத்தைக் கூட்டியிருந்தால் அதை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். ஃபார்மேட்டுக்கு முன் மெம்டெஸ்ட். பல கம்பெனிகள் ரேமுக்குப் பத்து வருஷமோ ஆயுள் முழுக்கவோ வாரண்டி தருகின்றன. கடையில் தரும் தெர்மல் பேப்பர் பில்லில் எழுத்து அதற்கு வெகு முன்பே மறைந்துவிடும். பில்லை வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வையுங்கள். அதையும் இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் வைக்காதீர்கள்.