முறுக்குப் பறவையியல்: தாம்பரம் வட்டாரப் பலூன் புள்ளினம், நோக்கும் போக்கும்

சென்ற மாதம் ஒரு கல்லூரியில் நடந்த பன்னாட்டுக் கருத்தரங்கில் நாள் முழுக்க உட்கார நேர்ந்தது. பன்னாடு என்பதற்குச் சான்றாக இலங்கையிலிருந்து ஒருவர் காணொளியில் தோன்றினார். உதடு அசைந்தது, ஒலி வரவில்லை, கைதட்டினோம். கட்டணம் கட்டிய எல்லோருடைய கட்டுரையும் கோவையில் ஏறியிருந்தது. தலைப்புதோறும் 'நோக்கும் போக்கும்' நின்றன. நோக்கு எது, போக்கு எது என்பது மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை.

அன்று மாலை மேற்குத் தாம்பரம் முடிச்சூர் சாலை மண்டபம் ஒன்றில் திருமண வரவேற்பு. பஞ்சுமிட்டாய்க்கும் மெஹந்திக்கும் நடுவில் நின்ற பையன் ஒரு நீட்டு பலூனுக்குக் காற்றடித்து, முடிச்சிட்டு, நாலு முறுக்கு முறுக்கி என் மகள் கையில் பறவையாகக் கொடுத்தான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முன்னுரை இல்லை, முடிவுரை இல்லை, நெறியாளருக்கு நன்றியும் இல்லை.

இத்துறையில் இதுவரை எவரும் ஆய்வு செய்யவில்லை என்பது அக்கணமே விளங்கிற்று. (இப்படி எழுதுவது மரபு. ஆய்வு செய்யாததற்குக் காரணம் இருக்கலாம் என்று எழுதுவது மரபன்று.)

களமும் தரவும்

களம், பல்லாவரம் தொடங்கிப் பெருங்களத்தூர் ஈறாக ஜி.எஸ்.டி. சாலையின் இருமருங்கும். தரவு, மூன்று வரவேற்பு, ஒரு காதுகுத்து, ஒரு முதல் பிறந்தநாள். ஐந்திலும் சாப்பிட்டேன்.

இக்களம் ஆய்வுலகுக்குப் புதியதன்று. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தது இதே பல்லாவரத்தில்தான். அதுவும் கையால் செய்தது, பலூன் பறவையும் கையால் செய்வது. இரண்டையும் முதன்முதலில் பார்ப்பவர் 'இது என்ன?' என்றே கேட்கிறார். ஆகவே கற்கருவிக்கும் பலூன் பறவைக்கும் இடையே அறுபடாத மரபுத் தொடர்ச்சி உண்டு. நடுவே உள்ள பல லட்சம் ஆண்டுகளுக்குச் சான்று இல்லையே என்பார்க்கு விடை: தோண்டவில்லை.

சொல்லாய்வு

பலூன் என்பது 'பெரிய பந்து' என்னும் பொருளில் இத்தாலிய, பிரெஞ்சு மொழிகளின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, அங்கிருந்து நம்மிடம் வந்த சொல் என்று அகராதிகள் கூறும். அகராதியோடு நின்றால் ஆய்வு எப்படி வளரும்? ரப்பர், மரத்தின் பாலிலிருந்து வருவது. பால் + ஊன் = பாலூன்; முதல் குறுகப் பலூன். மரப்பாலால் ஆன ஊன். இந்த வேர் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதொன்றே இது பொய் என்பதற்குப் போதிய சான்று. ஆனால் இதைவிட நலிந்த வேர்களைக் கொண்டு சிலர் முனைவராகி, மணிவிழாவும் கண்டு, மலரும் வெளியிட்டுவிட்டார்கள்.

வரலாறு

1824இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே ஹைட்ரஜனை அடைத்து வைப்பதற்காக முதல் ரப்பர் பலூனைச் செய்தார். இரண்டு ரப்பர் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஓரங்களை ஒட்டினார். உட்பக்கம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மாவு தடவினார். அது இட்லி மாவன்று என்பதில் மட்டும் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இல்லை. அடுத்த ஆண்டே தாமஸ் ஹான்காக், ரப்பர் கரைசல் ஒரு புட்டியும் ஊதுவதற்கு ஒரு பீச்சாங்குழலுமாக, வீட்டிலேயே செய்துகொள்ளும் பலூனை விற்றார். 1876இல் பிரேசிலிலிருந்து லண்டனுக்குப் போன ரப்பர் விதைகள் அங்கே கியூ தோட்டத்தில் முளைத்து, கன்றுகளாக இலங்கைக்கு வந்து சேர்ந்தன. ரப்பர் மரத்தைத் தமிழ்நாட்டுக்குள் பார்க்க விரும்புவோர் கன்னியாகுமரி மாவட்டத்துக் கீரிப்பாறைப் பக்கம் போகலாம்.

முதன்முதலில் பலூனை முறுக்கியவர் யார் என்பதில் அமெரிக்க மந்திரவித்தைக்காரர்களுக்குள் வழக்கு இருக்கிறது. அதைத் தீர்க்கும் பொறுப்பு தாம்பரத்துக்கு இல்லை.

வண்ணம்

சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், ரோஸ். இதில் ஆய ஒன்றுமில்லை.

ஆக்கமுறை

பறவைக்கு உரிய பலூனைத் தொழிலில் 'டூ சிக்ஸ்டி' என்பர். ஊதினால் 2 அங்குலப் பருமன், 60 அங்குல நீளம் (காண்க: பாக்கெட், பின்புறம், வரி 2). இதை வாயால் ஊத முயல்வோர் கண் பிதுங்கி நிற்பர். குழாய் குறுகக் குறுக அதைத் திறக்க வேண்டிய அழுத்தம் கூடும் என்பது இயற்பியல். அதனால்தான் பையன் கையில் பம்பு.

நுனியில் இரு விரல் அகலம் ஊதாமல் விடவேண்டும். ஒவ்வொரு முறுக்கும் காற்றை முன்னே தள்ளும். அது போய் ஒதுங்க இடம் வேண்டும். முடிச்சிடும் முன் ஒரு சிட்டிகைக் காற்றை வெளியே விட்டால் பலூன் இளகும். பின் அதை ஜெம் கிளிப் போல மடித்து, நடுவைப் பிடித்து முறுக்கி, ஒரு வளையத்தை மற்றொன்றினுள் செருகினால் உடலும் சிறகும் ஆயிற்று. மிச்ச நீளம் கழுத்து. அதை விரலில் சுற்றி அழுத்திப் பிடித்து விட்டால் வளைவு நிலைக்கும். நுனியை மடித்துப் பிழிந்தால் தலை.

எல்லா முறுக்கும் ஒரே பக்கமாகப் போகவேண்டும். இல்லையேல் முதல் முறுக்கு அவிழும். அது அவிழ்ந்தால் அனைத்தும் அவிழும். இதே விதி கைமுறுக்குக்கும் உண்டு என்பது இவ்வாய்வின் ஒப்பியல் கண்டுபிடிப்பு (முறுக்கு சுற்றும் மாமி, வாய்மொழி, செம்பாக்கம், அடுப்பு பற்றவைக்கும் முன்). ஆனால் 'மாவு பதம்தான் முக்கியம், பக்கமெல்லாம் ஒண்ணுமில்ல' என்ற மாற்றுப் பாடமும் கிடைக்கிறது (மேற்படி மாமி, அடுப்பு பற்றவைத்த பின், திருத்திய பதிப்பு). ஏழு சுற்றுக்கு மேல் கேட்டபோது ஆய்வாளர் வெளியேற்றப்பட்டார்.

சோதனைக்கெனச் சண்முகம் சாலையில் ஒரு பாக்கெட் வாங்கினேன். விளைவு: புழு 7, வெடிப்பு 3, முருங்கைக்காய் 1. கடைசியது மகள் சூட்டிய பெயர்.

இனங்காணல்

இதுவே ஆய்வின் உயிர்நாடி. அந்தப் பறவை என்ன பறவை?

'வாத்து' என்றாள் மகள். 'ஸ்வான் சார்' என்றான் செய்த பையன். 'அன்னம்டா, தெரியலயா?' என்றார் என் அம்மா. மச்சானோ, பலூன் ரோஸ் நிறமாதலின் அது பூநாரை என்றும், பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் தானே கண்டதாகவும், அது 2022இல் ராம்சர் பட்டியலில் ஏறிய நிலம் ஆதலின் தன் கூற்றுக்குச் சர்வதேச மதிப்பு உண்டு என்றும் வாதிட்டார் (பந்தியில் உரைத்தது, இரண்டாம் பந்தி, ரசத்துக்கு முன்; பாயசத்துக்குப் பின் கொக்கு என மாற்றிக்கொண்டார்).

ஸ்வான் என்பதை முதலில் தள்ளலாம். அப்பறவை இந்தியாவுக்கு வருவதே அரிது. வழிதவறி வந்தாலும் வடமேற்கு மூலையோடு நின்றுவிடும். முடிச்சூர் வரை வராது. பூநாரையின் அலகு பாதியில் கீழ்நோக்கி மடிந்திருக்கும். நம் மாதிரியில் அலகே இல்லை, பிதுக்கிய நுனிதான் உண்டு. மச்சான் தோற்றார்.

எஞ்சியவை வாத்தும் அன்னமும். இங்கேதான் மெய்யான அறிஞர் ஒருவர் குறுக்கிடுகிறார். இந்தியச் சிற்பத்திலும் காவியத்திலும் வரும் ஹம்சம், அதாவது நம் அன்னம், ஸ்வான் அன்று, வாத்தினத்துப் பறவையே என்று நிறுவ டச்சு அறிஞர் ஃபோகல் எழுதிய ஒரு முழு நூலே, அவர் மறைந்த பின் 1962இல் லெய்டனில் வெளியாயிற்று. இது நான் கற்பித்ததன்று. இக்கட்டுரையில் பொய்போல் தோன்றும் மேற்கோள் இது ஒன்றே. மெய்யானதும் இது ஒன்றே. குளிர்காலத்தில் கூந்தன்குளத்துக்கு வந்திறங்கும் வரித்தலை வாத்துகளைக் கேட்டிருந்தால் அவை நூல் எழுதாமலே சொல்லியிருக்கும்.

ஃபோகலை ஏற்றால் என் மகளும் அம்மாவும் ஒருசேர வெல்கிறார்கள்: வாத்தே அன்னம், அன்னமே வாத்து. வீட்டமைதி கருதி அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அன்னத்தின் இலக்கணம் பாலையும் நீரையும் பிரித்தல் அல்லவா? பலூன் பறவை அதைச் செய்யுமா? அரை டம்ளர் ஆவின் பாலில் அரை டம்ளர் மெட்ரோ தண்ணீரைக் கலந்து அதன் முன் வைத்து ஒரு மணி நேரம் காத்திருந்தோம். பால் கெடவில்லை; பறவையும் அசையவில்லை.

அப்போதுதான் பொறி தட்டியது. ரப்பர் மரப்பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மீதி பெரும்பாலும் நீர். அதை மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றி, நீரைப் பிரித்து, 60 சதவீத ரப்பராகச் செறிவாக்கி, அந்தப் பாலில்தான் அச்சுகளை முக்கி எடுத்துப் பலூன் செய்கிறார்கள். அதாவது இப்பறவை பாலையும் நீரையும் பிரிப்பதன்று. பாலையும் நீரையும் பிரித்ததனால் பிறந்தது. அன்னங்களுள் இதுவே தலையாய அன்னம். இதை ஆட்டோவில் போகையில் உரக்க அறிவித்தபோது எதிர்ப்பு எழுந்தது (ஆட்டோ ஓட்டுநர், கேம்ப் ரோடு சந்திப்பு, முதல் சிவப்பு விளக்கு, அதே உரை, இரண்டாம் சிவப்பு விளக்கு, ஹாரன் ஒலியால் சிதைந்த பகுதி, ஒப்பிடுக: பின்னால் நின்ற பஸ் கண்டக்டரின் மறுப்புரை, அச்சிடத் தகாதது).

அறிவு எத்தனை? தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கிறது. ஓரறிவு என்பது தொட்டால் அறிவது. நம் பறவைக்கு அது உண்டு. ஊசி பட்டால் அறியும். ஒரே ஒரு முறை.

இரு பள்ளிகள்

ரயில் தண்டவாளம் தாம்பரத்தைக் கிழக்கு, மேற்கு எனப் பிளக்கிறது. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்ரயில் 1931இல் வந்தது. பிளவு அதற்கும் முந்தியது. மேற்கில் கண்ட பறவைகளுக்குக் கழுத்து நீளம். கிழக்கில் சேலையூர் மண்டபத்தில் கண்டவற்றுக்குக் கழுத்து குட்டை. காரணம் வெளிப்படை. 1937இல் கிறித்தவக் கல்லூரி வந்து அமர்ந்தது கிழக்கில். அதன் காட்டு வளாகத்தில் மெய்ப்பறவைகள் திரிகின்றன. ஆகவே கிழக்குப் பள்ளி இயற்கைவாதம் சார்ந்தது. மேற்கில் சண்முகம் சாலைச் சந்தை. ஆகவே அது மிகை நவிற்சியும் வணிகமும் சார்ந்தது.

இத்தனையும் எழுதி முடித்த பிறகு, இரண்டு இடத்திலும் முறுக்கியவன் ஒரே பையன் என்று தெரிந்தது. 'அன்னைக்கு பம்பு ரிப்பேர் சார், காத்து பத்தல. அதான் கழுத்து குட்டை' என்றான்.

இது முடிவைப் பாதிக்காது. அவனது படைப்பு வாழ்வைக் கிழக்குக் காலம், மேற்குக் காலம் என இரண்டாகப் பகுத்துவிட்டேன்.

அழிவும் காப்பும்

வேடந்தாங்கல் மக்கள் பறவைகள் மிரளுமென்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பலூன் புள்ளுக்கு அவ்வுதவியைச் செய்ய முடியாது. அது தானே வெடிக்கும். வெயிலில் வைத்தால் உள்ளே காற்று விரியும், வெளியே ரப்பர் பளபளப்பு மங்கி வெளிறும். வெடித்தபின் துண்டுகளைப் பொறுக்கிவிடுங்கள். சிறு பிள்ளைகள் வாயில் போட்டால் மூச்சை அடைக்கும். 8 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் குறித்து அமெரிக்காவில் பலூன் பாக்கெட்டிலேயே எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இக்கட்டுரையில் எவருக்கேனும் பயன்படக்கூடிய பகுதி இது.

எங்கள் வீட்டுத் தலையாய அன்னம் ஷோகேஸ் மேல் நான்கு நாள் இருந்து, சுருங்கி, இப்போது பார்ப்பதற்குப் புடலங்காய் போல் இருக்கிறது.

விண்ணப்பம்: ஆய்வுத் தரவில் கிழக்குத் தாம்பரம் ஒரே ஒரு வரவேற்புதான், சான்று மேற்குப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது. சேலையூர், மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் அன்பர்கள் வீட்டில் அடுத்த முகூர்த்தத்தில் விசேஷம் இருந்தால் ஒரு பத்திரிகை அனுப்பவும். மொய் உண்டு. மகளையும் கூட்டி வருவேன்.